கிணற்றில் விழுந்த பந்து

போன செமஸ்டர் கடைசி வாரத்தில், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், நான் ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரி பெண்கள் சாஃப்ட்பால் டீமின் தலைமைப் பயிற்சியாளர் வேலை மாறிப் போகிறார். அடுத்து யாரைப் போடலாம் என்று விளையாட்டுப் பிரிவில் எங்களிடமே கருத்துக் கேட்டிருந்தார்கள். கேப்டன் ஒரு பெயரைச் சொன்னாள். எனக்கு மலாய் நன்றாக எழுத வரும் என்பதால், கடிதம் எழுதுவதும் கையெழுத்து வாங்குவதும் என் தலையில் விழுந்தது.

கேப்டன்தான் எங்கள் பிட்சர். சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கையை ஒரு முழுச் சுற்று சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை எறிபவர் பிட்சர். பெண்கள் ஆட்டத்தில் அவருக்கும் பேட் பிடிப்பவருக்கும் நடுவே 43 அடிதான். பிட்சர் கை நன்றாக இருக்கிற நாளில் மற்ற எட்டு பேரும் சும்மா நின்றாலே பாதி ஜெயித்த மாதிரி. கை சரியில்லாத நாளில் எட்டு பேரும் ஓடி ஓடிச் சாக வேண்டியதுதான். அதனால் கேப்டன் பேச்சுக்கு எங்கள் டீமில் மறுபேச்சு கிடையாது.

அவள் சொன்ன பெயர், இடைநிலைப்பள்ளி காலத்திலிருந்தே அவளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தவருடையது. மாநிலத்துக்கு விளையாடியவர். விஷயம் தெரிந்தவர், அதில் சந்தேகமே இல்லை. இன்னொருவரும் விண்ணப்பித்திருந்தார். பள்ளிக்கூட டீம்களை வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்ட, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. அவரைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

ஒரே ராத்திரியில் பதினெட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். முதலாண்டுப் பெண்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்தார்கள். "எதுக்கு அக்கா இது?" என்று ஒருத்தி கேட்டாள். "கோச் விஷயம்மா, சைன் பண்ணு" என்றேன். பண்ணினாள். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பாடாங் செராய்க்கு பஸ் ஏறினேன். லீவு முடிந்து போனதும் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வீட்டில் இதைப் பாட்டியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். எங்கள் கோச்சை நாங்களே தேர்ந்தெடுக்கிறோம், எவ்வளவு முன்னேற்றம் பாருங்க என்கிற மாதிரி. பாட்டி இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். பசியாறிக்கொண்டே கேட்டார்.

"உங்களயே கேட்டாங்களா? பரவால்லயே. எங்கள எவன் கேட்டான்? கங்காணிய துரை வச்சாரு. வச்சவருக்குத்தான அவன் நல்லவன். எங்களுக்கும் நல்லவனா இருந்தா அது எங்க அதிர்ஷ்டம்." பிறகு தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "உங்க ஆள யாரு வைக்கிறா?" என்றார்.

"நாங்கதான் பாட்டி."

"நாங்கன்னா?"

அந்த 'நாங்கன்னா?' எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

கங்காணி முறை நம் இதழ் வாசகர்கள் பலருக்குத் தெரிந்த கதைதான். ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தவரும் கங்காணி, விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் அவர்களை வரிசையில் நிறுத்தியவரும் கங்காணி. வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் பிடிக்கும் முறை 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போட்டதும் நின்றது. கங்காணி என்ற பதவி அதற்கப்புறமும் ரொம்ப காலம் தோட்டங்களில் இருந்தது. கங்காணிகளில் தங்கமான மனிதர்களும் இருந்தார்கள் என்று பாட்டியே சொல்வார். ஆனால் காசு வருகிற திசை எதுவோ, முகம் அந்தத் திசையைத்தான் பார்க்கும். துரை வைத்த ஆள் துரைக்குக் கடன்பட்டவர். அப்படியென்றால் எங்கள் பிட்சர் வைக்கிற ஆள்?

இந்தக் கேள்வியோடு யோசித்தபோது மகாபாரதத்தில் ஓர் இடம் ஞாபகம் வந்தது. நாம் எல்லாரும் சின்ன வயதில் சமய வகுப்பில் கேட்ட கதை. ஆனால் அதை ஒரு 'கோச் தேர்வு' என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

அஸ்தினாபுரத்துப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பந்து கிணற்றில் விழுந்துவிடுகிறது. யாருக்கும் எடுக்கத் தெரியவில்லை. அந்தப் பக்கம் இருந்த ஒரு மெலிந்த பிராமணர், புல்லை மந்திரித்து ஒன்றன் பின் ஒன்றாக எறிந்து, சங்கிலி மாதிரி கோத்து, பந்தை மேலே எடுத்துக் கொடுக்கிறார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு ஓடிப்போய் பீஷ்மரிடம் சொல்கிறார்கள். அது துரோணர்தான் என்று பீஷ்மருக்கு உடனே தெரிகிறது. அழைத்து வந்து ஆசிரியராக அமர்த்திவிடுகிறார். இத்தனைக்கும் கிருபர் ஏற்கெனவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். துரோணர் வேறு யாருமில்லை, கிருபரின் சகோதரி கிருபியின் கணவர், அவர் வீட்டிலேயே தங்கியிருந்தவர். இன்றைக்கு நம் சங்கங்களில் இப்படி ஒரு நியமனம் நடந்தால் ஆண்டுக்கூட்டத்தில் நாற்காலி பறக்கும்!

பீஷ்மர் தேர்ந்தெடுத்த விதத்தில் முதல் பார்வைக்குக் குறையே இல்லை. திறமையை நேரில் காட்டியாயிற்று. பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. துரோணர் எதையும் மறைக்கவும் இல்லை. துருபதன் தன்னை அவமானப்படுத்தியதை, அந்தக் கணக்கைத் தீர்க்க நல்ல மாணவர்கள் வேண்டும் என்று வந்ததை, அவரே பீஷ்மரிடம் சொல்கிறார். பீஷ்மர் கேட்டுக்கொள்கிறார். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டதாகக் கதையில் இல்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். துரோணர் முதல் வேலையாக மாணவர்களிடம் ஒரு வாக்குறுதி கேட்கிறார். வித்தை முடிந்ததும் என் மனதில் உள்ள ஒரு காரியத்தை முடித்துத் தர வேண்டும் என்று. எல்லாரும் சும்மா இருக்கிறார்கள். அர்ஜுனன் மட்டும் சரி என்கிறான். துரோணர் அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறார். டீமின் மற்ற நூற்றுச் சொச்சம் பேருக்கும் கதவு அன்றைக்கே பாதி மூடிவிட்டது. இன்னொரு சின்ன விஷயம், எனக்கு ரொம்ப பிடித்தது. தண்ணீர் கொண்டுவர அனுப்பும்போது மற்றவர்களுக்கு வாய் குறுகிய கமண்டலம், தன் மகன் அஸ்வத்தாமனுக்கு வாய் அகன்ற பாத்திரம். மகன் சீக்கிரம் நிரப்பிக்கொண்டு திரும்பி வருவான், அந்த நேரத்தில் அவனுக்கு மட்டும் தனிப் பாடம். இதைக் கண்டுபிடித்து அவனோடு ஒரே நேரத்தில் வந்து நின்றவனும் அர்ஜுனன்தான். உனக்கு நிகரான வில்லாளி உலகத்தில் இருக்கமாட்டான் என்று துரோணர் அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்.

அந்த வாக்குக்கு விலை கொடுத்தவன் ஏகலைவன். அவன் கட்டைவிரல் போனது அவன் செய்த எந்தத் தப்புக்காகவும் இல்லை. துரோணர் ஒரு நட்சத்திர மாணவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அந்த மாணவன் வந்து ஞாபகப்படுத்தினான், அவ்வளவுதான். துரோணருக்கு நியாயம் சொல்பவர்கள் உண்டு. அவர் அரண்மனைச் சோறு சாப்பிட்டவர், குரு குலத்துக்குப் போட்டியாக வெளியே ஒருவனை வளரவிட முடியாது என்பார்கள். சரிதான். பாட்டியும் அதைத்தானே சொன்னார்?

கிணற்றடியில் பந்து எடுத்த அன்று ஏகலைவன் அங்கே இல்லை. பீஷ்மர் சபையிலும் இல்லை. எங்கோ காட்டில் ஒரு வேடர் தலைவனுடைய பிள்ளை. அந்த நியமனத்தால் அதிகம் பாதிக்கப்படப் போகிறவன் அவன்தான் என்று யாருக்குத் தெரியும்? 'நாளைக்கு வெளியிலிருந்து ஒருத்தன் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?' என்று துரோணரை யாராவது கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

இது பழைய கதை, இந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு நம் காலத்துக் கதை ஒன்று. 2018 நவம்பரில் வெஸ்ட் இண்டீஸில் நடந்த பெண்கள் டி20 உலகக் கிண்ண அரையிறுதி. இந்திய அணி மூத்த வீராங்கனை மிதாலி ராஜை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆடியது. 112 ரன்னுக்கு ஆல் அவுட், இங்கிலாந்திடம் எட்டு விக்கெட்டில் தோல்வி. மிதாலி கிரிக்கெட் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார், பயிற்சியாளர் ரமேஷ் பவார் தன்னை அவமானப்படுத்தினார் என்று. கேப்டன் ஹர்மன்ப்ரீத் கௌரும் துணைக் கேப்டன் ஸ்மிருதி மந்தனாவும் பதிலுக்குக் கடிதம் எழுதினார்கள், பவாரே தொடர வேண்டும் என்று. ஒரு டீம், மூன்று நட்சத்திரங்கள், இரண்டு கட்சி. மற்ற பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று செய்தியில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கபில் தேவ், அன்ஷுமன் கெய்க்வாட், சாந்தா ரங்கசாமி மூவரும் அடங்கிய குழு நேர்காணல் நடத்தி, இரண்டு கட்சியும் சொல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. சென்னைக்காரர் டபிள்யூ.வி. ராமன். 1992-இல் தென்னாப்பிரிக்காவில் ஒருநாள் ஆட்டத்தில் சதம் அடித்த முதல் இந்தியர். அவர் காலத்தில் அணி 2020 மார்ச் 8 அன்று மெல்பர்னில் டி20 உலகக் கிண்ண இறுதி ஆட்டம் வரை போய், ஆஸ்திரேலியாவிடம் 85 ரன்னில் தோற்றது. 2021 மே மாதம் ராமனுக்குப் பதவி நீட்டிப்பு இல்லை, பவாரே திரும்ப வந்தார். யார் சொன்னது சரி என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நான் பார்த்தது வேறு ஒரு பெண்ணை. அந்தக் கடிதங்கள் பறந்துகொண்டிருந்த டிசம்பரில் ரோத்தக் ஊரில் ஷஃபாலி வர்மாவுக்கு வயது 14. பெண் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை என்பதால் முடியை வெட்டிக்கொண்டு ஆண் பிள்ளை மாதிரி பயிற்சிக்குப் போனவள். அடுத்த வருஷம் செப்டம்பரில், 15 வயதில், அவள் இந்திய அணியில் ஆடினாள். மெல்பர்ன் இறுதி ஆட்டத்தில் முதல் ஓவரிலேயே ஒரு கேட்சை விட்டாள், பேட்டிங்கில் 2 ரன்னில் அவுட். அணிக்கு எடுப்பது தேர்வுக்குழு என்பது உண்மைதான். ஆனால் வந்தவளைத் தொடர்ந்து நம்பி இறக்குவதா, ஒரு தப்புக்குப் பெஞ்சில் உட்கார வைப்பதா என்பதில் பயிற்சியாளர் பேச்சுக்குப் பெரிய இடம் உண்டு. 2025 நவம்பர் 2, நவி மும்பையில் இந்தியப் பெண்கள் முதன்முறையாக உலகக் கிண்ணத்தை வென்ற இறுதி ஆட்டத்தில் 87 ரன்னும் இரண்டு விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகி ஆனது அதே ஷஃபாலிதான். 2018-இல் கோச் யார் என்று சண்டை போட்ட யாருக்கும் அவள் அப்போது ஒரு பொருட்டே இல்லை. பதவி யாருக்குப் போனால் தனக்கு நல்லது என்று கேட்க அவளுக்கு வழியும் இல்லை.

அப்படியானால் விளையாடுகிறவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அதுவும் சரியில்லை. 2017-இல் அனில் கும்ப்ளே விஷயம் ஞாபகம் இருக்கும். அவர் பயிற்சியில் இந்தியா 17 டெஸ்ட் ஆடி 12-ஐ ஜெயித்தது, ஒன்றில்தான் தோற்றது. அப்படியும் ஜூன் 20 அன்று அவர் விலகினார். தன் பாணியில் கேப்டன் கோலிக்கு உடன்பாடு இல்லை என்பது முந்தின நாள்தான் வாரியம் சொல்லித் தெரிந்தது என்று அறிக்கையில் எழுதினார். எல்லாரும் கோலியைத் திட்டினார்கள். நானும் அப்போது பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு திட்டினேன். ஆனால் அடுத்து வந்த ரவி சாஸ்திரி காலத்தில்தான் இந்தியா ஆஸ்திரேலியா மண்ணில் டெஸ்ட் தொடரை முதல் தடவையாக ஜெயித்தது, அப்புறம் 2021-இல் மறுபடியும் ஜெயித்தது. களத்தில் நிற்கிற கேப்டனுக்கும் கோச்சுக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பது வெறும் கர்வம் இல்லை, தேவை. அதில் எனக்கு உறுத்துவது கோலி சொன்னது இல்லை. ஒரு வருஷம் கூடவே இருந்த மனிதருக்குக் கடைசி நாளில் வேறு யாரோ சொல்லித் தெரிந்ததுதான்.

பாண்டவர் பக்கத்திலும் ஒரு தேர்வு நடந்தது. போருக்கு முன் ஏழு படைக்கும் ஒரு தலைவர் வேண்டும். யுதிஷ்டிரர் முதலில் யாரைக் கேட்கிறார் தெரியுமா? கடைசித் தம்பி சகாதேவனை. அவன் விராடர் என்கிறான். பிறகு நகுலன் துருபதர் என்கிறான். அர்ஜுனன் திருஷ்டத்யும்னன், பீமன் சிகண்டி. அதற்குப் பிறகுதான் கண்ணனிடம் போகிறது. அண்ணன்மார் பேசி முடித்தபின் கேட்டிருந்தால் சகாதேவன் விராடர் பெயரைச் சொல்லியிருப்பானா? நான் முதலாண்டு அறையில் போய் நின்றது கேப்டன் கையெழுத்து முதல் வரியில் இருந்த தாளோடு.

லீவு முடிவதற்கு மூன்று நாள் முன்பு அந்த நாலு பேருக்கும் தனித்தனியாக போன் போட்டேன். சைன் வாங்கியது தப்பு, உண்மையில் என்ன நினைக்கிறீங்க என்று கேட்டேன். இரண்டு பேருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருத்திக்குக் கேப்டன் சொன்னவரே பிடித்திருந்தது. நாலாமவள் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள், "அக்கா, நான் ஸ்கூல்ல பிட்சர். இங்க வந்து ஆறு மாசம் ஆச்சு. ஒரு தடவகூட போட்டுக் காட்டுன்னு யாரும் சொல்லல. அதனால ரைட் ஃபீல்டுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்." ரைட் ஃபீல்டு என்பது பந்து அதிகம் வராத மூலை. நான் நிற்கிற மூலை அதுதான், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும்.

கேப்டனுக்கும் போன் போட்டேன். கடிதத்தைக் கொடுக்கவில்லை என்றதும் அவளுக்குக் கோபம். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. "எனக்கு இது கடைசி வருஷம். நாளைக்கு வரப்போற யாருக்கோ, இன்னைக்கு ஆடுற நாம தோக்கணுமா? நாலு வருஷமா கை வலிக்க வலிக்கப் போட்டேனே, எனக்கு ஒரு பேச்சு கிடையாதா?" உண்டு. அவளுக்குத்தான் முதல் பேச்சு உண்டு, அவள் உழைப்பு அப்படி. ஆனால் அந்தப் பேச்சை மற்ற பதினேழு பேர் வாயிலும் வைத்துத் திணித்தது நான். அவளுக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபிறகு சந்தேகப்படுவதும் இரண்டுமே தீராத தொல்லை என்கிறார் வள்ளுவர். அன்பின் காரணமாகத் தகுதியைப் பார்க்காமல் விடுவதையும் கண்டிக்கிறார். இரண்டாவது கடிதத்தை அந்த வழியில் எழுதினேன். பெயர் எதுவும் போடவில்லை. இரண்டு விண்ணப்பதாரரும் ஆளுக்கு ஒரு நாள் எங்களுக்குப் பயிற்சி நடத்தட்டும், டீம் முழுக்க உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும், பிறகு விளையாட்டுப் பிரிவு முடிவு எடுக்கட்டும். இந்தத் தடவை விஷயத்தை விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். பதினாறு பேர் போட்டார்கள். கேப்டன் போடவில்லை.

ஆசிரியை நடத்திய நாள் ரொம்ப ஒழுங்காக இருந்தது, ஆனால் எங்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. கேப்டனின் பழைய கோச் நடத்திய நாள் அற்புதம். மனிதர் பந்தைப் பிடித்துக் காட்டிய விதத்தில் நானே என் விரலை மாற்றி வைத்துக்கொண்டேன். கேள்வி நேரத்தில் சகாதேவன் முறை என்று நான் சொல்லிவைத்திருந்ததால் முதலாண்டில் ஆரம்பித்தோம். நாலாமவள் எழுந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டாவது பிட்சர் வைப்பீங்களா சார்?"

அவர் கேப்டனை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வரும் போட்டியில் ஒரு கையை நம்பி இறங்குவது அந்தக் கைக்கே நல்லதில்லை, வாரம் ஒரு நாள் விருப்பப்பட்ட யாரும் போட்டுக் காட்டலாம், ஆனால் போட்டியில் யார் இறங்குவது என்பதை நான்தான் முடிவு செய்வேன். பதினெட்டு பேர் காதிலும் அது விழுந்தது. விளையாட்டுப் பிரிவு அதிகாரி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

கடைசியில் அவரையேதான் நியமித்தார்கள். முதல் கடிதத்தைக் கொடுத்திருந்தாலும் இதே மனிதர்தான் வந்திருப்பார். என் அறைத்தோழி, "அப்புறம் எதுக்குடி இவ்வளவு ஆட்டம்?" என்று சிரித்தாள். கேப்டனும் நானும் இப்போது ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. லீவுக்கு ஒரே பஸ்ஸில் வந்து போனவர்கள் நாங்கள்.

போன புதன்கிழமை பயிற்சி முடியும் நேரத்தில் கோச் அந்த முதலாண்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வட்டத்துக்குள் நிற்கச் சொன்னார். கேப்டன் ஓரமாக உட்கார்ந்து கையில் ஐஸ் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பந்து கேட்சர் தலைக்கு ஒரு முழம் மேலே போய் வேலிக் கம்பியில் டமால் என்று மோதியது. ரைட் ஃபீல்டில் நின்ற எனக்கே கேட்டது. கோச் ஒன்றும் சொல்லவில்லை. வாளியிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து அவளிடம் போட்டார்.